எந்த நாணயத்தில் விலை சொல்வது?

குட்மேய்ஸ் ஹை றோட்டில் நம்மவர் கடைகளில் சாமான் வாங்கும் அன்பர்கள் ஒரு சிறு விடயத்தைக் கவனித்திருக்கக் கூடும். இந்தியாவிலிருந்து வரும் பக்கற்றுகள் சிலவற்றின் பின்புறத்தில், வரிகள் அனைத்தும் உட்பட ஆகக்கூடிய சில்லறை விலை இத்தனை ரூபா என்று அச்சிடப்பட்டிருக்கும். கடைக்காரர் தமது பவுண் விலைச் சிட்டையைப் பெரும்பாலும் அந்த இடத்தின் மேலேயே ஒட்டியிருப்பார். எமது மகன் சிறுவனாக இருந்தபோது, ஒருநாள் காசு கொடுக்கும் வரிசையில் நின்றபடி அந்தச் சிட்டையை நகத்தால் கிளறி, அடியில் 60 ரூபா என்று இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டான். மேலே இருந்த விலை 1 பவுண் 49 பென்ஸ். 60 ரூபா என்றால் எவ்வளவு என்று கேட்டான். ஒரு பவுணில் பாதிக்கும் சற்றுக் கூட என்றோம். கப்பல் கூலி, கடை வாடகை, கரன்ற், சம்பளம் என்று கணக்காளருக்கே உரிய விளக்கங்களை நாம் அடுக்கத் தொடங்க, அவன் அதை ஒன்றையும் மறுக்கவில்லை. "அப்ப ஏன் அப்பா அதுக்கு மேலை ஒட்டினவர்? பக்கத்திலை ஒட்டியிருக்கலாமே" என்றான்.

கடைக்காரரில் பிழை சொல்ல முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். இந்தியச் சட்டப்படி அச்சிட்ட ரூபா விலை இந்தியாவுக்குள் விற்பவரைத்தான் கட்டுப்படுத்தும். இங்கே பொருந்துவது 2004ஆம் ஆண்டின் விலை குறித்தல் ஆணை. சில்லறை வியாபாரி விலையைப் பிரித்தானிய நாணயத்தில் தெளிவாகக் காட்ட வேண்டும் என்பது அதன் விதி. அதே ஆணையில் பலர் அறியாத இன்னொரு விதியும் உண்டு. பிறநாட்டு நாணயத்தையும் ஏற்பேன் என்று அறிவிக்கும் வியாபாரி, அந்த நாணயத்திலான விலையையோ, அல்லது தாம் கணக்கிடும் மாற்று வீதத்தையும் அதற்கு எடுக்கும் கழிவையுமோ எழுதிக் காட்ட வேண்டும். ஒரு விலையை இரு நாணயங்களில் சொல்லும்போது, ஒன்றிலிருந்து மற்றதற்கு எப்படி வந்தோம் என்ற வழியையும் சொல்ல வேண்டுமென்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

ஆனால் இன்று நாம் வாங்குவதெல்லாம் கடைக்குப் போயா? சேலை முதல் பஞ்சாங்கம் வரை இணையத்தில் வருகிறது. கடையின் பக்கத்தைத் திறந்தவுடன், நாம் எந்த நாட்டிலிருந்து பார்க்கிறோம் என்று அதுவே அறிந்து, பவுணில் விலை காட்டுகிறது. இது பெரிய வசதி என்பதில் ஐயமில்லை. தமது பணத்தில் விலையைக் கண்டால்தான் மனம் வாங்கத் துணியும் என்பது வியாபாரிகள் அறிந்த உண்மை. இதிலே ஆராய என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

சென்ற தீபாவளிக்கு எமது இல்லத்தரசி சென்னைக் கடை ஒன்றின் பக்கத்தில் ஒரு சேலையைப் பார்த்து வைத்தார். 129 பவுண். அழகான சேலைதான். அதே நாட்களில் வளசரவாக்கத்தில் இருக்கும் அவருடைய சித்தியின் மகள், தான் வாங்கப்போகும் சேலையின் படத்தை அனுப்பியிருந்தார். அதே கடை, அதே சேலை, அதே நிறம். அங்கே அவருக்குக் காட்டிய விலை 9,200 ரூபா. ஒரு பவுண் 115 ரூபா என்று வைத்தால் 80 பவுண். "இஞ்சை பாருங்கோ, இது களவு இல்லையோ?" என்று கேட்டவருக்கு நாம் உடனே விடை சொல்லவில்லை. தாளும் பேனையும் எடுத்தோம்.

80 பவுணில் இந்தியாவின் விற்பனை வரி 5 சதவீதம் அடங்கியிருக்கிறது. ஏற்றுமதிக்கு அது இல்லை. அதைக் கழித்தால் 76. இங்கே கொண்டுவந்து சேர்க்க 15 பவுண் என்று வைப்போம். 91. 2021 ஜனவரி முதலாம் திகதி தொடக்கம், 135 பவுணுக்கு மேற்படாத பெறுமதியுள்ள பொதியை வெளிநாட்டிலிருந்து இங்கே நேரே விற்பவர், விற்கும்போதே எமது 20 சதவீத வற் வரியை அறவிட்டு இந்நாட்டு அரசுக்குச் செலுத்த வேண்டும். ஆக 109. அட்டை நிறுவனத்தின் கழிவு, நாணயம் ஏறி இறங்கினால் நட்டப்படாமல் ஒரு காப்பு என்று 5 பவுண் தாராளமாகவே கொடுப்போம். 114. மிச்சம் 15 பவுண். அந்த 15 பவுணுக்கு எமது தாளில் ஒரு தலைப்பும் கிடைக்கவில்லை. "குட்மேய்ஸில் குடியிருப்பதற்கு" என்று எழுதினோம். இல்லத்தரசி சிரித்துவிட்டுச் சேலையை வாங்கிவிட்டார் என்பது வேறு கதை.

நாற்பத்தொன்பது பவுணுக்குக் கோபப்பட்டவர் பதினைந்து பவுணுக்கு ஏன் சிரித்தார் என்று பிறகு யோசித்தோம். காரணம் தெரிந்தால் கூடிய விலையும் பொறுக்கிறது. காரணம் மறைந்திருந்தால் நியாயமான விலையும் களவாகத் தோன்றுகிறது.

ஆளுக்கேற்ற விலை என்பது புதிதல்ல. நமது ஊர்ச் சந்தைகளில் வியாபாரி வாங்குபவரின் முகத்தையும் உடுப்பையும் பார்த்துத்தான் விலை சொல்வார். நாமும் பேரம் பேசுவோம். அதில் ஒரு சமநிலை இருந்தது: அவர் நம்மைப் பார்த்தார், நாமும் அவரைப் பார்த்தோம். இந்நாட்டில் இந்தப் பேரத்தையே பாவமென்று கருதிய ஒரு கூட்டம் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் தோன்றிய குவேக்கர் எனும் கிறிஸ்தவப் பிரிவினர், முதலில் கூட்டிச் சொல்லிப் பின் குறைப்பது பொய் சொல்வதே என்று கொண்டு, குழந்தை வந்தாலும் பிரபு வந்தாலும் ஒரே விலை என்று வியாபாரம் செய்தார்கள். இன்று நாம் சாதாரணமாக எண்ணும் நிலையான விலைச் சிட்டைக்கு அவர்களும் ஒரு முன்னோடி. அந்தப் பிரிவைச் சேர்ந்த எலிசபெத் ஃப்றை அம்மையார் ஈஸ்ற் ஹாம் பிளாஷற்றில் வாழ்ந்தவர். சிறைச்சாலைகளைச் சீர்திருத்தப் பாடுபட்டவர். 1845இல் மறைந்து பார்க்கிங்கில், நம்மிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், அடக்கம் செய்யப்பட்டவர். 2002 முதல் 2017 வரை புழங்கிய ஐந்து பவுண் தாளில் இருந்த அம்மையாரின் முகம் பலருக்கு நினைவிருக்கும். அந்தத் தாளை எத்தனை தரம் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்போம். அவர் யாரென்று அப்போது நாம் விசாரித்ததில்லை.

எல்லோருக்கும் ஒரே விலைதான் நீதி என்றால் விடயம் இலகுவாக முடிந்துவிடும். ஆனால் முடியவில்லை. சிகிரியாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போன அன்பர்கள் அறிவார்கள்: வெளிநாட்டவருக்கு விலை அமெரிக்க டொலரில், தலைக்கு 30க்குக் குறையாது, இலங்கையருக்கு ரூபாவில், அதிலே மிகச் சிறிய பங்கு. தாஜ்மகாலில் 2018இலிருந்து வெளிநாட்டவருக்கு 1,100 ரூபா, இந்தியருக்கு 50 ரூபா. யாழ்ப்பாணத்தில் பிறந்து, அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்து, உயிருக்கு அஞ்சி ஓடிவந்த நாம் சிகிரியா வாசலில் பிரித்தானியக் கடவுச்சீட்டை நீட்டி வெளிநாட்டவர் வரிசையில் நின்றபோது மனதில் ஒன்று தைத்தது உண்மை. ஆனால் அது விலையைப் பற்றிய நோவு அல்ல. விலை நியாயமென்றே அப்போதும் பட்டது. அந்த மலையைத் தமது வரியால் பேணுபவர்கள் அங்குள்ளவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் தமது நாட்டுச் சின்னத்தைப் பார்க்க டொலர் கொடுக்க முடியாது. மேலும் இரண்டு விலைகளையும் வாசலில் யாரும் மறைக்கவில்லை. எனக்கு இவ்வளவு, அவருக்கு அவ்வளவு என்று தெரிந்தே கொடுத்தோம்.

இதற்கு நேர் எதிராகவும் ஓர் உதாரணம் நம்மிடம் உண்டு. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலில் அர்ச்சனைச் சிட்டை நெடுங்காலமாக ஒரு ரூபா. இலண்டனிலிருந்து வந்தவருக்கும் ஒரு ரூபா, அரியாலையிலிருந்து சைக்கிளில் வந்தவருக்கும் ஒரு ரூபா. அந்த வரிசையில் நின்று ஒரு ரூபாக் குற்றியைத் தேடிப் பையெல்லாம் துழாவிய வெளிநாட்டு அன்பர்களைக் கண்டிருக்கிறோம். அங்கே பவுணில் விலை எழுதினால் எவ்வளவு என்று எழுதுவது?

ஆகவே இரு விலை வைப்பதும் தகும், ஒரு விலை வைப்பதும் தகும். எமது மகனின் கேள்வியோ விலை எத்தனை என்பதைப் பற்றியதே அல்ல. சிட்டையை எங்கே ஒட்டுவது என்பதைப் பற்றியது.

கொழும்பில் அட்டையால் காசு கட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இயந்திரம் நம்மைப் பார்த்து, ரூபாவில் கட்டுகிறாயா பவுணில் கட்டுகிறாயா என்று மரியாதையாகக் கேட்கும். பவுண் நமக்குப் பழகிய நாணயம், விளங்கும், எனவே பவுண் என்று அமத்துவோம். 20,000 ரூபா பில் என்று வையுங்கள். பவுண் 400 ரூபா விற்கும் நாளில் அது 50 பவுண். இயந்திரம் 377 என்ற வீதத்தில் மாற்றி 53 பவுண் எடுத்துக்கொள்ளும். ரூபா என்று அமத்தியிருந்தால் நமது வங்கி மாற்றியிருக்கும். சில அட்டைகளுக்கு மேலதிகக் கட்டணமே இல்லை, பல அட்டைகள் 3 சதவீதத்திற்குச் சற்றுக் குறைவாக எடுக்கும். அப்படி எடுத்தாலும் 51 பவுண் 50 பென்ஸ். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரலிலிருந்து, இப்படி மாற்றுபவர் ஐரோப்பிய மத்திய வங்கியின் வீதத்தை விட எத்தனை சதவீதம் கூட எடுக்கிறார் என்பதைக் காசு எடுக்கும் முன்னரே காட்ட வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். பழகிய நாணயத்தில் விலையைக் காட்டுவது ஒரு சேவை. அந்தச் சேவைக்கே ஒரு விலையும் உண்டு என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். (பயணம் போகும் அன்பர்கள் அந்தந்த நாட்டு நாணயத்தையே அமத்துங்கள். இந்தக் கட்டுரையில் உடனடிப் பயன் தரக்கூடியது இந்த ஒரு வரிதான்.)

இதுவரை நாம் வாங்குபவராக நின்று பேசினோம். கொடுப்பவராக நிற்கும்போதுதான் விடயம் கனக்கிறது.

எமது தொழிலில் சர்வதேசக் கணக்கீட்டு நியமம் 21 என்று ஒன்று உண்டு. ஒரு நிறுவனத்துக்கு இரண்டு நாணயங்கள் இருக்கலாம் என்கிறது அது. ஒன்று தொழிற்பாட்டு நாணயம்: அந்த நிறுவனம் எந்தச் சூழலில் உழைத்து எந்தச் சூழலில் செலவழிக்கிறதோ அந்த நாணயம். மற்றது கணக்கைக் காட்டும் நாணயம்: பார்ப்பவரின் வசதிக்காக நாம் மொழிபெயர்த்து எழுதுவது. முதலாவது உண்மைநிலையைப் பொறுத்தது. விருப்பப்படி மாற்ற முடியாது. இரண்டாவதை எதிலும் வைத்துக்கொள்ளலாம். பரீட்சைக்கு இதைப் பாடமாக்கிய நாட்களில், இது கம்பனிகளுக்கான விதி என்று மட்டுமே நினைத்தோம்.

எமது தந்தையார் ஊரில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடை ஒன்றின் முகாமையாளராக இருந்தவர். கடை முகப்பில் ஒரு கரும்பலகை. அதிலே அரிசி, சீனி, மா, மண்ணெண்ணெய் விலைகளைத் தமது முத்து முத்தான எழுத்தில் காலையில் எழுதுவார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலம். மண்ணெண்ணெய் வவுனியாவில் ஒரு விலை, யாழ்ப்பாணத்தில் பலமடங்கு. நாணயம் ஒன்றுதான், அதே ரூபாதான். ஆனால் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் அது வேறு ரூபாவாகிவிட்டது. பழைய விலைக்கு வந்த சாமானைப் புதிய விலைக்கு விற்க அவர் ஒருபோதும் உடன்பட்டதில்லை. பழையது முடியும்வரை பலகையில் பழைய விலைதான். இன்றைய கணக்காளனாக நாம் அவரோடு வாதிடலாம்: அப்படி விற்றால் அந்தக் காசில் அடுத்த மூடை வாங்க முடியாதே என்று. உண்மையில் முடியாமல் போன நாட்களும் உண்டு. கடை பூட்டிக் கிடந்தது. அவர் செய்தது முழுக்கச் சரியென்று இன்றும் எம்மால் சொல்ல முடியவில்லை. பலகையில் எழுதியதுதான் விலை என்பதை மட்டும் ஊரில் எவரும் ஐயுற்றதில்லை.

2007இல் நாம் இங்கு வந்து அகதி விண்ணப்பம் ஏற்கப்பட்டு, வேலை கிடைத்து, முதற் சம்பளச் சிட்டை கையில் வந்த இரவில் ஒரு காரியம் செய்தோம். அப்போது பவுண் 220 ரூபா அளவில். தந்தையாரின் மாத ஓய்வுக் கொடுப்பனவை 220ஆல் வகுத்தோம். வந்த எண்ணை இங்கு எழுதப் போவதில்லை. நாம் ஒரு சனிக்கிழமை பெற்றோல் நிலையத்தில் நின்று உழைத்ததை விட அது குறைவாக இருந்தது. சில கணம் ஒரு பெருமிதம் வந்தது. பிறகு நித்திரை வரவில்லை. முப்பத்தைந்து வருட உழைப்பு அது. அதிலே நாம் படித்தோம், தங்கச்சி படித்தாள், வீட்டுக்கு ஓடு போட்டோம். ரூபாவில் ஒரு குடும்பத்தைத் தாங்கிய தொகை பவுணில் ஒரு சனிக்கிழமைக்கும் போதாமல் போனது எப்படி? வகுத்தல் பிழையல்ல. அவருடைய தொழிற்பாட்டு நாணயத்தை எமது காட்டும் நாணயத்தால் அளந்ததுதான் பிழை. காசை வகுத்ததாக நினைத்துக்கொண்டு ஒரு மனிதரின் வாழ்நாளை வகுத்துவிட்டோம்.

இந்த வகுத்தல் பழக்கம் நம்மிடம் ஆழ ஊறிவிட்டது. ஊரில் ஒரு பரப்புக் காணி இத்தனை இலட்சம் என்றால் உடனே பவுணாக்கி, இல்ஃபோர்ட்டில் ஒரு கார் நிறுத்தும் இடம் கூட இந்தக் காசுக்கு வராதே என்கிறோம். மலிவாகத் தெரிகிறது, கேட்ட விலையைக் கொடுக்கிறோம். அடுத்த பரப்பின் விலை அங்கிருந்து தொடங்குகிறது. அதே காணியை ரூபாச் சம்பளத்தில் வாங்கக் காத்திருந்த பள்ளிக்கூட ஆசிரியருக்கு விலை பவுணில் தெரியாது, ரூபாவில்தான் தெரியும்.

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாச் சொச்சம். மத்திய வங்கி கையை விட்டதும் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. நமது பவுண் 270இலிருந்து 440க்கு மேலே போனது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று இலங்கை அறிவித்தது. நாம் மாதம் 100 பவுண் தங்கச்சிக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒருநாள் தொலைபேசியில், "பிள்ளை, இப்ப 100 பவுணுக்கு நாற்பதினாயிரத்துக்கு மேலை வருகுதே, முந்தியிலும் பார்க்க நல்லதுதானே" என்று சொன்னோம். கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. பிறகு, "அண்ணா, நீங்கள் அனுப்பிறது காசு. நான் வாங்கிறது அரிசி" என்றாள்.

அன்றிரவு கணக்குப் பார்த்தோம். பின்னர் வெளிவந்த புள்ளிகளையும் சேர்த்து இப்போது சொல்கிறோம். 2021 செப்ரெம்பரில் 100 பவுண் ஏறத்தாழ 27,500 ரூபா. 2022 செப்ரெம்பரில் பவுணும் விழுந்து, 100 பவுண் ஏறத்தாழ 41,000 ரூபா. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அந்த ஓராண்டில் உணவுப் பொருட்களின் விலை 94.9 சதவீதம் ஏறியிருந்தது. ஆகவே அந்த 41,000 ரூபாவால் வாங்கக்கூடிய உணவு, ஓராண்டுக்கு முன் 21,000 ரூபாவுக்கு வாங்கியதற்குச் சமம். பவுணில் பார்த்தால் நாம் அதே தொகையை அனுப்பினோம். ரூபாவில் பார்த்தால் ஒன்றரை மடங்கு அனுப்பினோம். சோற்றுப் பானையில் பார்த்தால் ஏறக்குறைய கால் பங்கைக் குறைத்துவிட்டோம். மூன்று கணக்கும் சரி. நமக்கு வசதியான இரண்டைத்தான் நாம் பார்த்திருந்தோம்.

(அந்த நாட்களில் வங்கிக்கு ஒரு வீதமும் உண்டியலுக்கு ஒரு வீதமும் இருந்ததையும், 2020இல் 710 கோடி டொலராக இருந்த உத்தியோகபூர்வப் பணவரவு 2022இல் 379 கோடியாக விழுந்ததையும் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே அதைத் தொட்டால் கட்டுரை வேறு திசையில் போய்விடும்.)

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினோம். இவ்வளவு நேரம் சுற்றி வந்தது அதைத் தள்ளிப்போடத்தான் என்றும் வாசகர்கள் நினைக்கலாம்.

அந்த ஆண்டு எம்மூரவர் சிலர் சேர்ந்து, ஊரிலுள்ள கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு உலர் உணவுப் பொதி கொடுப்பதென்று தீர்மானித்தோம். இங்கிருப்பவர்கள் இணையப் பக்கத்தில் பொதியைத் தெரிந்து காசு கட்டினால், ஊரில் கடையொன்று பொதியைக் கட்டிக் கொடுக்கும். கணக்குப் பொறுப்பு எம்முடையது. விலையை எப்படிக் காட்டுவது என்ற கேள்வி முதற் கூட்டத்திலேயே வந்தது. ஊர்க் கடை சொன்ன விலை 4,730 ரூபா. அன்றைய வீதம் 430. சரியாக 11 பவுண். ஒருவர், "ரூபாக் கணக்கெல்லாம் எதுக்கு, சனத்துக்குக் குழப்பம். பவுணிலை ஒரு வட்டத் தொகையாப் போடுவம். இஞ்சை இருக்கிறவைக்கு 15 பவுண் ஒரு காசே?" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். கணக்காளரும் தலையாட்டினார்.

மிச்சம் 4 பவுண் எவர் பொக்கற்றுக்கும் போகவில்லை. பொதியைக் கொண்டுபோய்க் கொடுத்த பொடியன்களின் பெற்றோல் செலவு போக, மீதியில் மேலும் பொதிகள் கட்டினோம். மூன்று பொதிக்குக் காசு வந்தால் நாலாவது குடும்பத்துக்கும் ஏதோ போய்ச் சேர்ந்தது. புத்தகத்தில் ஒவ்வொரு பென்சுக்கும் வரவு உண்டு, செலவு உண்டு. பக்கத்தில் மட்டும் "ஒரு பொதி, 15 பவுண்" என்று இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, கோவில் வாசலில் செருப்பு மாட்டும் இடத்தில் ஒரு வயோதிப அம்மா எம்மை மறித்தார். குட்மேய்ஸில் தனியாக ஓர் அறையில் இருப்பவர். அரசாங்கக் கொடுப்பனவில் வாழ்பவர். ஊரிலுள்ள தமது தமக்கைக்காக ஒரு பொதிக்குக் கட்டியிருந்தார். தமக்கையின் பேரப்பிள்ளை பொதியோடு வந்த கடைப் பில்லைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறான். கைத்தொலைபேசியை எம்மிடம் நீட்டினார். 4,730 ரூபா.

"தம்பி, நீங்கள் கணக்குப் படிச்சனீங்கள். எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ. மிச்சம் எங்கை?"

சொன்னோம். பெற்றோல், நாலாவது குடும்பம், எல்லாவற்றையும் சொன்னோம். அவர் நம்பினார் என்றே நினைக்கிறோம். களவெடுத்ததாக ஒரு சொல் சொல்லவில்லை. "நல்ல காரியந்தான். ஆனா என்னட்டைக் கேக்கேல்லையே தம்பி. நாலு பவுண் எனக்கு இரண்டு நாள் பால், பாண். தாறதெண்டால் நானே தந்திருப்பன்" என்றார்.

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் செருப்பைத் தேடினோம்.

பேரூந்தில் வரும்போது ஒன்று விளங்கியது. "இஞ்சை இருக்கிறவைக்கு 15 பவுண் ஒரு காசே" என்று நாம் தலையாட்டியபோது, குட்மேய்ஸில் இருப்பவர்கள் அனைவருக்கும் ஒரே தொழிற்பாட்டு நாணயம் என்று எண்ணிவிட்டோம். சென்னைக் கடையின் இயந்திரமும் அப்படித்தான் எண்ணியது: இவர் இலண்டனில் இருக்கிறார், ஆகவே கொடுப்பார். எமது இல்லத்தரசி சேலையை விடலாம், வாங்கலாம். அந்த அம்மா தமக்கைக்குச் சோறு அனுப்புவதை விட முடியாது. விட முடியாதவரிடம் காரணம் சொல்லாமல் கூடக் கேட்பது, நோக்கம் தருமமாக இருந்தாலும், சிகிரியா வாசலைப் போன்றதல்ல. கொழும்பு அட்டை இயந்திரத்தைப் போன்றது. தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். சிறுவயதில் தந்தையார் "நாணயமான மனிசன்" என்று ஒருவரைச் சொன்னால், அவரிடம் நிறையக் காசு இருக்கிறது போலும் என்று நாம் நினைத்ததுண்டு.

அடுத்த கூட்டத்தில் பக்கத்தை மாற்ற வேண்டுமென்றோம். நாலு வரி: ஊர்க் கடையின் ரூபா விலை, இன்றைய மாற்று வீதமும் திகதியும், பவுணில் வரும் தொகை, விரும்பினால் விநியோகச் செலவுக்கும் இன்னொரு குடும்பத்துக்கும் என்று ஒரு வெற்றுக் கட்டம். ஒருவர் நியாயமாகவே எதிர்த்தார். வீதம் நாளுக்கு நாள் மாறும், இன்று 11 என்றும் நாளை 12 என்றும் போட்டால் சனம் நம்மைச் சந்தேகிக்கும், வட்டத் தொகைதான் நம்பிக்கை தரும் என்றார். இன்னொருவர், வெற்றுக் கட்டத்தை எவரும் நிரப்பமாட்டார்கள், அந்த நாலாவது குடும்பத்துக்கு நீரே பதில் சொல்லும் என்றார். அந்த இரண்டாவது வாதத்துக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. இன்றும் இல்லை. மாற்றிய முதல் மாதத்தில் மேலதிகக் காசு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. பிறகு கொஞ்சம் ஏறியது. பழைய அளவுக்கு வரவில்லை. ஒரு சில குடும்பங்களுக்குப் பொதி போகாமல் விட்டது இந்த நாலு வரியால்தான். தந்தையாரின் பூட்டிக் கிடந்த கடை அப்போது நினைவுக்கு வந்தது.

ஐப்பசியில் அந்த அம்மா மீண்டும் வந்தார். இணையத்தில் அல்ல, கையில் காசோடு. "இண்டைக்கு ரேற் என்ன தம்பி?" என்றார். 415 என்றோம். பொதி 4,980 ரூபாவாகியிருந்தது. சரியாக 12 பவுண். சின்னப் பேர்சைத் திறந்து, 15 பவுணை எண்ணி எமது கையில் வைத்தார். "பன்னிரண்டு பொதிக்கு. மூண்டு மிச்சம். அதை என்ன செய்யிறதெண்டு நான் யோசிச்சுச் சொல்லுறன். அதுவரைக்கும் தொடாதேங்கோ" என்றார்.

இன்னும் சொல்லவில்லை. அந்த 3 பவுண் அவர் பெயரில் தனி நிரலில் இருக்கிறது. ஆண்டுதோறும் கணக்கு முடிக்கும்போது அதை அப்படியே அடுத்த பக்கத்துக்குக் கொண்டுசெல்கிறோம்.